வெறும் முட்டைக்குப் புகை

காரவள்ளிக்கு மேலே, தேக்கங்காட்டுக்குள் நுழைந்ததும் அப்பாசாமி குடையை விரித்தான்.

“ஏனுங்ணா, வெயிலும் அடிக்குது, மழையும் தூறுது. எங்கியோ காக்காய்க்கும் நரிக்கும் கண்ணாலம் போல.”

“மழை இல்லடா. மேல பாரு,” என்றார் அர்த்தனாரி.

அப்பாசாமி அண்ணாந்தான். தேக்கு மரங்களில் இலை என்று சொல்ல எதுவும் இல்லை. பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டும் சல்லடைபோல் தொங்கியது. மிச்சமிருந்த பச்சையில் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. குடைமேல் சடசடவென்று விழுந்தது கறுப்புக் குருணை.

“அப்ப இது…”

“புழுவோட எச்சம்.”

அப்பாசாமி குடையைத் தலையோடு அழுத்திக்கொண்டான். “நாடகத்துல கோமாளி வேசம் கட்டினப்ப சனங்க அழுகின தக்காளியத்தான் வீசினாங்க. இதுக்கு அதே தேவலைங்க.”

நாடகக் கம்பெனி நொடித்துப்போன பிறகு அப்பாசாமி அர்த்தனாரியிடம் வந்து சேர்ந்தான். அர்த்தனாரி போலீஸ் வேலையை உதறிவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறிகிறவர். யுத்தம் வரும் வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், அவர்கள் கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்ததற்குக் காரணம் ராசாமணி என்ற பெண்.

சர்க்கார் பூச்சி ஆராய்ச்சி அதிகாரி நாச்சிமுத்துவின் மனைவி அவள். முந்தின நாள் தன்னந்தனியாகச் சேலத்துக்கு வந்து அர்த்தனாரியின் எதிரே உட்கார்ந்தாள்.

“எங்க ஊட்டுக்காரர் வளர்த்த குளவியெல்லாம் செத்துப்போச்சுங்க. யாரோ கொட்டகையில புகை போட்டுட்டாங்க. செங்கோடன்னு ஒரு மலைக்காரரைப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்காங்க. அவரு அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க. இவரு ஒரு வார்த்தையும் பேசாம சொவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறாரு. நீங்க வந்து யாரு செஞ்சதுன்னு கண்டுபுடிச்சுக் குடுக்கோணும்.”

செங்கோடனைக் கோர்ட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகப் போலீஸ்காரர் இன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கொட்டகை சரிவின் தோளில் இருந்தது. ஓட்டுக்கூரை, சுவரெல்லாம் கரி. நாச்சிமுத்து கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கன்னம் ஒட்டிய மனிதர், அடிக்கடி இருமினார். கேட்டால் மட்டும் பேசினார். ஆனால் குளவியைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது.

“தேக்கு துளிர் விடற சமயம் அந்துப்பூச்சி வந்து இலையில முட்டை வெக்கும். அந்த முட்டைக்குள்ள இந்தப் பொடிக் குளவி தன்னோட முட்டையை வெச்சிரும். புழு வரவேண்டிய எடத்துல குளவி வரும். காட்டுக்கு ஒரு சேதமும் இல்லீங்க.”

“சரியான நேரத்துல விட்டா.”

“அதேதான். முன்னால விட்டா முட்டை இருக்காது, குளவி வீணா செத்துப்போகும். தாமசமா விட்டா முட்டை புழுவாயிருக்கும். புழுவை இது தொடாது.”

“எங்க ராஜபார்ட்டுக்கும் இதே கஷ்டம்தானுங்க,” என்றான் அப்பாசாமி. “வெள்ளனே வந்தா கூட்டம் சேர்ந்திருக்காது. தாமசமா வந்தா கூட்டம் எந்திரிச்சுப் போயிருக்கும்.”

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். உள்ளே அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மையில் நனைத்த கசகசாவை ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

“காட்டு அந்து இல்ல, நாங்க வளர்க்கற அந்தோட முட்டைங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குளவி இருக்கும். இந்த வருசம் மழை தள்ளிப்போச்சு. மரம் துளிர்க்கல. அட்டையோ தயாரு. அதனால ஐஸ்ல வெச்சோம். குளிர்ல குளவி முட்டைக்குள்ளயே ஒறங்கும். சேலத்துல இருந்து லாரியில ஐஸ் காரவள்ளிக்கு வரும். அங்கிருந்து செங்கோடன் தலைச்சுமையா கொண்டு வருவான். மழை பேஞ்சு அந்து பறந்துது. அன்னிக்கு நான் காட்டைச் சுத்திட்டுத் திரும்பி வந்தா கொட்டகை பூராவும் புகை.”

“நீங்க எங்க இருந்தீங்க, அம்மிணி?”

“ஊத்துக்குத் தண்ணிக்குப் போயிருந்தேனுங்க,” என்றாள் ராசாமணி.

அர்த்தனாரி பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியின் அடிப்பாகத்தை ஒரு விரலால் வழித்தார். மேலே கரி வந்தது. கரிக்கு அடியில் மிளகுத்தூள்போல ஏதோ கொஞ்சம் வந்தது.

“அப்பாசாமி, ஒரு ஊட்டுக்குத் தீ வெச்சுக் குடியிருக்கறவங்களைக் கொல்லோணும்னா எப்ப வெக்கோணும்?”

“அவங்க உள்ள இருக்கறப்பத்தானுங்க. வெளிய போனப்புறம் வெச்சா அது தீ இல்ல, அடுப்பு.”

“இங்க அடுப்புத்தான் வெச்சிருக்காங்க.” அட்டையை நீட்டினார். “ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பொத்தல். உள்ள இருந்து கடிச்சுக்கிட்டு வெளிய வந்த பொத்தல். கரி அந்தப் பொத்தலுக்குள்ளயும் போயிருக்கு. செத்த குளவி கரிக்கு அடியில கெடக்குது. புகை வர்றதுக்கு முன்னாலயே இதெல்லாம் வெளிய வந்து, பெட்டிக்குள்ளயே செத்துப்போச்சு. புகை ஒரு குளவியையும் கொல்லல.”

ராசாமணி கணவரைப் பார்த்தாள். நாச்சிமுத்து அட்டையைப் பார்த்தார்.

“ஐஸ் ரெண்டு நாளு வரலீங்க,” என்றார் மெதுவாக. “வழியிலயே கரைஞ்சுட்டுதுன்னு காட்டிலாகா ரேஞ்சர் சொன்னாரு. அந்தச் சூட்டுல வெளிய வந்திருக்கும்.”

“அப்பவே பார்க்கலையா?”

“பெட்டியைத் திறந்தா இருக்கற குளிரும் போயிரும்னு திறக்கலீங்க.”

அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார். மூலையில் புகை போட்ட இரும்புச் சட்டி கிடந்தது. அதில் முழுதும் எரியாத கட்டி ஒன்றைச் சாம்பலோடு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

“விபூதிங்களா?” என்றான் அப்பாசாமி.

“யாரு நெத்திக்குன்னு இன்னும் தெரியல.”

கீழே ரேஞ்சர் ஆபீஸில், மூங்கில் அடுக்கும் அறையில் செங்கோடனைப் பூட்டியிருந்தார்கள். மலைமேல் திண்ணனூர் நாட்டுக்காரன். சாமை விதைக்கிற ஒரு கொல்லையும் அதன் ஓரமாகக் கொஞ்சம் மிளகுக் கொடியும் அவன் சொத்து. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஃபாரஸ்ட் கார்டுகள் அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்க முயன்றான்.

“உக்காரப்பா. ஐஸை எங்க கரைய விட்டே?”

“கரைய உடலீங்க சாமி. ரேஞ்சருக்கு மேல இருக்கற பெரிய தொரை வந்து தங்கினாங்கல்ல? அந்த ரெண்டு நாளும் ரேஞ்சர் ஊட்டுலயே எறக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. தலையில ஐஸ் இருந்தா முதுகு பூரா நனைஞ்சிருமுங்க. அந்த ரெண்டு நாளும் காஞ்ச துணியோட ஊட்டுக்குப் போனேன். ஏன், இன்னிக்கு வேலை இல்லியான்னு எம்பொண்டாட்டி சின்னக்கண்ணுகூடக் கேட்டா.”

“அப்புறம் எதுக்குப் புகை போட்டேன்னு கை ரேகை வெச்சே?”

செங்கோடன் இந்தக் கேள்வியை யோசித்தான்.

“ஒத்துக்கிட்டா அடிக்கறத நிறுத்தறேன்னாங்க சாமி. ஒத்துக்கிட்டேன். நிறுத்திட்டாங்க.”

அப்பாசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“உம்மேல ரேஞ்சருக்கு என்ன கோவம்?”

“கோவமெல்லாம் இல்லீங்க. எங்கொல்லை மேல கண்ணுங்க. அங்கயும் தேக்கு வெக்கோணுமாம். மாட்டேன்னேன்.”

ரேஞ்சர் காளியண்ணன் தன் வீட்டு வேப்பமர நிழலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்குக் கோலி சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

“சில்லுன்னு இல்லைன்னு நினைக்காதீங்க. ரெண்டு வாரம் முன்னால வந்திருந்தா ஐஸே போட்டுக் குடுத்திருப்பேன்.”

“ஐஸா? காரவள்ளியிலயா?” அப்பாசாமி கண்ணை அகல விரித்தான். மேடையில் ராஜாவைப் பார்க்கிறபோது விரிக்கிற அதே கண். “மெய்யாலுமா?”

“துரையே ஆச்சரியப்பட்டுட்டாருன்னா பார்த்துக்குங்களேன்! இந்த வெயில்ல, இந்தக் காட்டுல, கிளாஸ் நிறைய ஐஸ். துரைசானி ஐஸ்கிரீம் கேட்டாங்க. கையால சுத்தற மிஷினு ஒண்ணு வரவழைச்சுச் சுத்தச் சொன்னேன். இப்படி ஒரு உபசாரம் மெட்ராசுலகூடக் கிடைக்கலைன்னாங்க.”

“பூச்சிக்குன்னு வந்த ஐஸுங்களா?”

ரேஞ்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். “பூச்சிக்கு என்னய்யா, வேர்க்குதா?”

வேலியைத் தாண்டியதும் அப்பாசாமி அர்த்தனாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். “புடிச்சாச்சுங்ணா! ஐஸை முழுங்கினது இந்தாளு. முழுங்கினதை மறைக்கப் புகை போட்டதும் இந்தாளு. கொல்லைக்கும் ஆச்சு, குளவிக்கும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்.”

“குளவியைக் கொன்னது இவருதான். புகை போட்டது இவரில்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மறைக்கோணும்னு நினைக்கறவன் இப்படிப் பெருமை அடிச்சுக்குவானா? கரைஞ்சுட்டுதுன்னு நாச்சிமுத்துகிட்டச் சொன்னது வெறும் சாக்கு. அந்த ஐஸ் இல்லாமத்தான் குளவி செத்துதுன்னு இவருக்கு இன்னமும் தெரியாது. புகை கொன்னுதுன்னே நம்பறாரு. யாரையாவது புடிக்கோணும், கொல்லைக்காரன் வாட்டமா கெடைச்சான், புடிச்சுட்டாரு.” அர்த்தனாரி நடந்துகொண்டே சொன்னார். “முட்டை காலின்னு தெரிஞ்சவன்தான் அதை மறைக்கப் பார்ப்பான். அந்தப் பொத்தல் வெறுங்கண்ணுக்குத் தெரியாதுடா.”

அப்பாசாமி நின்றுவிட்டான். பூதக்கண்ணாடி யார் கழுத்தில் தொங்கியது என்பது அவனுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

“வேண்டாமுங்ணா,” என்றான். “அந்தம்மாதானே நம்மைக் கூப்பிட்டது?”

அர்த்தனாரி சரிவில் ஏறினார்.

ராசாமணி கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் மரப்பெட்டிகளைத் திறந்து சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சோளத்தில்தான் வளர்ப்பு அந்துப்பூச்சி பெருகும். அதன் முட்டையில்தான் குளவி. அந்த வேலை முழுவதும் அவளுடையது.

அர்த்தனாரி கைக்குட்டையை அவிழ்த்தார். “இது என்னன்னு தெரியுதுங்களா, அம்மிணி?”

அவள் கட்டியை வாங்கி விரலால் உடைத்தாள். பாதி கரிந்த சோளம், நூல் நூலாய்ப் பின்னி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது எங்க சோளமாச்சுங்க! அந்துப்புழு இப்படித்தான் நூல் உட்டுக் கட்டிக் கட்டியாப் பின்னிரும். எங்கிருந்து எடுத்தீங்க?”

“பழசை வெளிய கொட்டுவீங்களா?”

“ஐயோ, வெளிய கொட்டினா ஊரு பூராவும் அந்து புடிச்சுக்காதுங்களா? அந்த உள்ளறையில போட்டுப் பூட்டிருவேன். அப்புறமா அடுப்புல போட்டு எரிச்சிருவேன். ஒரு மணி வெளிய போகாதுங்க.”

“இது புகை போட்ட சட்டியில கெடந்துது.”

“அறைக்குள்ள போயா எடுத்தாங்க? பூட்டை உடைக்கலையே. சாவி ரெண்டுதான். ஒண்ணு எங்கிட்ட இருக்குது.” இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “இன்னொண்ணு…”

கை இடுப்பிலேயே நின்றது.

அவள் கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பாமலே, “ஏனுங்க,” என்றாள்.

நாச்சிமுத்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“மழை பேஞ்ச அன்னிக்குப் பெட்டியைத் திறந்தேன்,” என்றார். “எல்லாம் அடியில செத்துக் கெடந்துது. வெளிய அந்து கூட்டங்கூட்டமாப் பறக்குது. எங்கிட்ட விடறதுக்கு ஒரு குளவி இல்ல. ஐஸ் எங்க போச்சுன்னும் கேள்விப்பட்டேன்.”

“உள்ளதைச் சொல்லியிருக்கலாமே,” என்றார் அர்த்தனாரி.

“யாருகிட்ட? இந்தக் கொட்டகை அடுத்த வருசமும் இருக்கோணும்னா தொரை கையெழுத்துப் போடோணும். நீங்க தின்ன ஐஸுக்குக் காடு போச்சுன்னு அவருகிட்டப் போயிச் சொல்லவா? குளவியால ஆகலைன்னு எழுதினா இத்தோட மூடிருவாங்க. யாரோ கெடுத்துட்டாங்கன்னா இன்னொரு தரம் செஞ்சு பார்க்க விடுவாங்க. நேரம் மட்டும் சரியா அமைஞ்சா இது ஜெயிக்கும், எனக்குத் தெரியும். யாரோன்னுதான் சொன்னேன். நான் பேரு சொல்லலீங்க.”

ராசாமணி இப்போதுதான் திரும்பினாள். “அவங்க பேரு சொன்னப்ப, இல்லைன்னு சொன்னீங்களா?”

நாச்சிமுத்து படியை விட்டு இறங்கினார். ரேஞ்சர் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

அவர்கள் நால்வரும் ரேஞ்சர் ஆபீஸுக்கு இறங்கினபோது போலீஸ்காரர் வந்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து காளியண்ணன் முன்னால் போய் நின்று, “புகை போட்டது நான்தான்,” என்றார்.

“வெயில்ல அலைஞ்சு உங்களுக்குப் பித்தம் ஏறிப்போச்சு,” என்றார் ரேஞ்சர். “அவனே ஒத்துக்கிட்டுக் கை ரேகை வெச்சாச்சு. போங்க, போய் மோர் குடிங்க.”

அர்த்தனாரி ரேஞ்சரை ஓரமாக அழைத்துப்போனார்.

“கச்சேரிக்குக் கொண்டுபோங்க. நானும் வாரேன். வக்கீல் வெப்பேன். குளவி எப்படிச் செத்துதுன்னு வக்கீல் கேப்பாரு. ஐஸ் இல்லாம செத்துதுன்னு நாச்சிமுத்து சொல்லுவாரு. ஐஸ் எங்கன்னு கேப்பாரு. அந்தக் கிளாசு, துரை, துரைசானி, சுத்தற மிஷினு எல்லாத்தையும் நீங்க எங்கிட்டச் சொன்ன மாதிரியே கூண்டுல நின்னு சொல்லோணும். பத்திரிகைக்காரங்க எழுதிக்குவாங்க. துரை அதைப் படிப்பாரு.”

காளியண்ணனின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேர்த்தது. அந்த மனிதருக்கு அப்போதுதான் ஐஸின் அருமை புரிந்தது.

பேரம் சீக்கிரமே முடிந்தது. செங்கோடனை விட்டுவிடுவது. அடுப்புப் புகை தவறிக் கொட்டகைக்குள் போய்விட்டது என்று நாச்சிமுத்து எழுதிக் கொடுப்பது. ஐஸைப் பற்றி யாரும் எங்கும் பேசாமலிருப்பது. இனி ஐஸ் பேச்சே எழாதபடி, கொட்டகையை மூடிவிடும்படி ரேஞ்சரே மேலே எழுதிவிடுவது.

“அவன் கொல்லை?” என்று கேட்டார் அர்த்தனாரி.

“அது வேற விசயம். அவனை உள்ள வெச்ச அன்னிக்கே வேலி போட்டாச்சு. போட்ட வேலியைப் பிரிக்க முடியாது.”

அர்த்தனாரி அதற்கு மேல் இழுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. போலீஸ்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தான் போவதா இருப்பதா என்று கேட்டார். உள்ளே இருந்தவனை முதலில் வெளியே எடுப்பது என்று அர்த்தனாரி முடிவு செய்தார். அந்த முடிவு அவருக்கு வாயில் வேப்பங்காயைக் கடித்தாற்போல் இருந்தது.

“நியாயம் கெடைச்சுதுன்னு வெச்சுக்கலாமுங்களா?” என்றான் அப்பாசாமி.

“ஆள் கெடைச்சான்னு வெச்சுக்கோ.”

கதவைத் திறந்தார்கள். செங்கோடன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றான். நீ போகலாம் என்றார்கள். கொல்லைக்கு வேலி போட்டாகிவிட்டது என்பதையும் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினான்.

நாச்சிமுத்து அவன் எதிரே போனார். இரண்டு கையையும் கூப்பினார்.

“செங்கோடா, நான் செஞ்சதுக்கு நீ பட்டுட்டே. உன்னை இப்படி அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா வந்து தடுத்திருப்பேன். என்னை மன்னிச்சிரு.”

செங்கோடன் அவரை ஒரு கண்ணால் பார்த்தான். குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

“என்னைய அடிக்கறப்ப சன்னலுக்கு அக்கட்டால நீங்க நின்னீங்க சாமி. உங்க இருமல் எனக்குக் கேட்டுதுங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அடிபட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்தபடி மலைப்பாதையில் ஏறத் தொடங்கினான்.

ராசாமணி கணவரின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அப்படி இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்வதற்காக நின்றாள். செங்கோடன் பாதை வளைவில் மறையும் வரைக்கும் நின்றாள். கூப்பிய கையை நாச்சிமுத்து இன்னும் இறக்கவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸைப் பிடிப்பதற்காக அர்த்தனாரி அமர்த்தியிருந்த மாட்டுவண்டி வேப்பமரத்தடியில் காத்திருந்தது. ராசாமணி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து ஆபீஸ் படிக்கட்டின் மேல் வைத்துவிட்டு, வண்டிக்கு அருகே வந்தாள்.

“ஏனுங்க,” என்றாள் அர்த்தனாரியிடம், “உங்க வண்டியில எனக்கொரு எடம் இருக்குமுங்களா?”